தடுப்பூசிக்கு வேண்டியது பக்தியா? கணக்கா?

தடுப்பூசி என்று பேச்செடுத்த மாத்திரத்தில் நமது நாட்டில் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ஒரு கட்சியார், "ஊசி என்பதே சதி, கம்பெனிக்காரன் பணம் பண்ணவும், சர்க்கார் நம் பிள்ளைகள் மேல் பரீட்சை பார்க்கவும் செய்த ஏற்பாடு" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "சர்க்கார் உத்தரவு போட்டாய்விட்டது, டாக்டர் கையெழுத்துப் போட்டாய்விட்டது, வாயைப் பொத்திக் கொண்டு கையை நீட்டு, கேள்வி கேட்கிறவன் தேசத் துரோகி" என்கிறார்கள். இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் மூடர்கள் என்று வைது கொள்ளுகின்றார்கள். நம்மைக் கேட்டால் இருவரும் ஒரே கோயில் பக்தர்கள் என்றுதான் சொல்லுவோம். ஒருவர் சந்தேகத்துக்குக் கற்பூரம் காட்டுகிறார். மற்றவர் சர்க்கார் முத்திரைக்குக் கற்பூரம் காட்டுகிறார். இருவரும் கேட்க மறந்த வஸ்து ஒன்றே ஒன்று. அதுதான் கணக்கு.

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன் சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறான். "தொட்டுப் பார்க்காதே, என்னை நம்பு" என்று கடைக்காரன் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறான். ஒரு காய் சொத்தை என்பதற்காக இனி ஜன்மத்தில் காய்கறியே தின்பதில்லை என்று சத்தியம் செய்து கொள்ளுகிறவனும் இல்லை. காலணா கத்தரிக்காயில் இவ்வளவு புத்தியை உபயோகிக்கும் மனிதன், பெற்ற பிள்ளையின் உயிர் விஷயத்தில் அதை உபயோகிக்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம். மனித அறிவு கண்ட மேலான சாதனங்களில் தடுப்பூசி ஒன்று. சென்ற நூற்றாண்டில் மாத்திரம் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ற பெரியம்மை இன்று உலகத்தில் இல்லை. 1980ம் வருஷம் மே மாதம் உலகம் அந்த நோயினின்று விடுபட்டதாக விளம்பரம் செய்யப்பட்டது. எத்தனை ஆயிரம் வருஷம் கூழ் ஊற்றியும், தீ மிதித்தும், வேப்பிலை கட்டியும் போகாத "ஆத்தாள்" ஊசி முனைக்குப் போய்விட்டாள். நமது நாட்டில் இயற்கையாய்ப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமியால் கடைசியாகப் பீடிக்கப்பட்ட குழந்தை 2011 ஜனவரியில் ஹவுராவில் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிருமியால் ஒன்றும் இல்லை. இவை நம்பிக்கையினால் நடந்த காரியங்கள் அல்ல. எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து நடந்த காரியங்கள்.

ஆனால் ஊசி நல்லது என்பதனாலேயே ஊசி போடும் சர்க்கார் யோக்கியமானது என்று ஆகிவிடாது. அது போலவே, சர்க்கார் யோக்கியமற்றது என்பதனாலேயே ஊசி விஷம் என்றும் ஆகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததனால் வரும் கேடு எவ்வளவு என்பதற்கு, நமக்கு வெகு தூரத்திலுள்ள ஒரு சிறு தேசத்தின் கதையை முதலில் சொல்லுகின்றோம்.

ஸமோவாவில் நடந்தது

பசிபிக் சமுத்திரத்தில் ஸமோவா என்று ஒரு தீவு நாடு இருக்கின்றது. ஜனத்தொகை சுமார் 2 லட்சம். அதாவது நமது நாட்டில் ஒரு தாலூகா அளவு. 2018ம் வருஷம் ஜூலை மாதம் 6ந் தேதி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சுமார் ஒரு வயதுள்ள இரண்டு குழந்தைகளுக்கு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்ந்த ஊசி போடப்பட்டது. போட்ட சில நிமிஷங்களில் இரண்டு குழந்தைகளும் இறந்து போயின.

காரணம் என்ன? இந்த மருந்து பொடியாக வரும். அதற்கென்று வரும் சுத்தமான நீரில் கரைத்துப் போட வேண்டும். அந்த நர்சுகளோ, ஆபரேஷன் செய்யும்போது தசைகளை அசையவொட்டாமல் செய்வதற்குள்ள வேறொரு மருந்தை, அதுவும் தவணை கடந்து போனதை, நீரென்று எடுத்துக் கலந்துவிட்டார்கள். ஆகவே அக்குழந்தைகளைக் கொன்றது தடுப்பு மருந்தல்ல, கவனக் குறைவு. சோற்றில் உப்புக்குப் பதில் பாஷாணத்தைப் போட்டுவிட்டு, அரிசி கொன்றுவிட்டது என்று சொல்ல முடியுமா?

சர்க்கார் செய்தது என்ன? நாடு முழுவதும் அந்த ஊசியையே பல மாத காலம் நிறுத்தி வைத்தது. நர்சுகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 5 வருஷம் தண்டனை அடைந்தது 2019 ஆகஸ்டில்; அதாவது ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து. இந்த இடைக்காலத்தில் ஒரு தாய் என்ன நினைப்பாள்? "மருந்தில் குற்றமில்லாவிட்டால் ஏன் நிறுத்துகிறார்கள்?" என்றுதானே நினைப்பாள்? உண்மை வாசலில் வந்து நிற்கத் தாமதித்தால் வதந்தி கொல்லை வழியாய் வந்து கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக் கொள்ளும். முன்னமே குறைந்து கொண்டிருந்த ஊசி, 2018ல் 100க்கு 31 குழந்தைகளுக்குத்தான் கிடைத்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது.

இந்த நிலையில் 2019 ஜூன் மாதம் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் என்பவர் அங்கு வந்தார். தடுப்பூசிகளுக்கு விரோதமாய்ப் பிரசாரம் செய்யும் சங்கமொன்றின் தலைவர். அங்குள்ள ஊசி விரோதிகளைச் சந்தித்துப் பேசிப் போனார். சில மாதத்தில் நியூசிலாந்திலிருந்து தட்டம்மை கப்பலேறாமல் ஆகாய விமானம் ஏறி வந்து சேர்ந்தது. நவம்பர் 15ந் தேதி சர்க்கார் நெருக்கடி நிலைமை அறிவித்தது. அந்தச் சமயத்திலும் ஒரு வியாபாரி "விசேஷத் தண்ணீர்" தெளித்துக் குணப்படுத்துவதாகச் சொல்லிக் கொண்டிருந்தார். பிள்ளை பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவரிடம் போனார்கள். டிசம்பர் 5, 6 தேதிகளில் கச்சேரிகளும் கடைகளும் மூடப்பட்டு, ஊசி போடாதவர்கள் உள்ள வீட்டின் முன் சிவப்புத் துணி கட்டும்படி உத்தரவாகி, உத்தியோகஸ்தர்கள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள்.

அந்த நோயில் இறந்தவர்கள் 83 பேர். பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். 83 என்பது சின்னத் தொகையாய்த் தோன்றலாம். 2011ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டு ஜனங்கள் 7 கோடியே 21 லட்சம். ஸமோவாவில் இறந்த விகிதத்தில் தமிழ்நாட்டில் இறந்தால் அது சுமார் 30,000 பிணம். சில வாரத்துக்குள் 30,000 குழிகள், அவ்வளவும் சின்னக் குழிகள் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு குழந்தைகளைக் கொன்றது கவனக் குறைவு. 83 பேரைக் கொன்றது எது? உண்மையைச் சுடச்சுட எடுத்துச் சொல்லாத சர்க்காரின் வாயடைப்பும், பொய்யைச் சுடச்சுட எடுத்துச் சொன்னவர்களின் வாய்க் கொழுப்பும் சேர்ந்து கொன்றன என்று நாம் சொல்லுகின்றோம். இதில் ஜெயிலுக்குப் போனவர்கள் இரண்டு நர்சுகள். வாயடைத்தவர்களுக்கும் வாய்க் கொழுத்தவர்களுக்கும் கிடைத்த தண்டனை என்ன? அந்தக் கென்னடி 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் சுகாதார மந்திரியாகவே ஆனார். ஜூன் மாதத்தில், ஊசி விஷயமாய் ஆலோசனை சொல்லும் கமிட்டியின் 17 மெம்பர்களையும் ஒரே வீச்சில் நீக்கினார். 2000ம் வருஷத்தில் தட்டம்மையை ஒழித்துவிட்டோம் என்று சொன்ன அந்த நாட்டில் 2025ல் 2,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டது; டெக்ஸாஸ் மாகாணத்தில் ஊசி போடாத இரண்டு குழந்தைகள் மாண்டன. ஜனங்களின் அவநம்பிக்கை என்பது பயிராகாத நிலமல்ல. அதை உழுது அறுவடை செய்து பதவி வீடு கட்டிக் கொள்ள எங்கும் ஆட்கள் இருக்கின்றார்கள் என்பதற்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

நம் வீட்டுக் கதை

நிற்க, இது ஏதோ தீவாந்தரத்துச் சமாசாரம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. திருவள்ளூர் ஜில்லாவில் 2008ம் வருஷம் ஏப்ரல் மாதம் தட்டம்மை ஊசி போட்டுக் கொண்ட 4 குழந்தைகள் இறந்து போயின. அந்தத் தாய்மார்களிடம் போய், "ஊசியால் ஆபத்தே கிடையாது" என்று சொல்ல எந்த மந்திரிக்கு வாய் வரும்? அப்போது சர்க்கார், இனிக் கிராமத்துக்குள் ஊசி போடுவதில்லை, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துதான் போட்டுக் கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. ஆபத்து வந்தால் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நோக்கம் சரியே. ஆனால் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு தேடி, பிள்ளையைத் தூக்கிக் கொண்டு எத்தனை தாய்மார் வர முடியும்? ஊசி போட்டுக் கொள்ளும் குழந்தைகளின் தொகைதான் குறைந்தது. ஆபத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடே வேறோர் ஆபத்துக்கு வழியாகக் கூடும் என்பதைப் பாருங்கள்.

பிறகு 2017 பிப்ரவரி வந்தது. தட்டம்மை-ரூபெல்லா ஊசியை 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடங்களில் போடுவதென்று தமிழ்நாட்டில் ஆரம்பித்தார்கள். உடனே வாட்ஸ்அப் என்னும் கைப்பேசித் தபால் மூலம், "பிள்ளை முடமாகும், மலடாகும், சாகும், வெளிநாட்டுக்காரன் பரீட்சை பார்க்கிறான்" என்று வீட்டுக்கு வீடு சேதி பறந்தது. அனேக பெற்றோர்கள் "என் பிள்ளைக்குப் போடாதே" என்று எழுதிக் கொடுத்தார்கள். சிலர் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய காரியம் மார்ச்சு மாதத்துக்கும் நீட்டப்பட்டது.

அப்போது படித்த கனவான்கள், "தமிழன் இவ்வளவு மூடனா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். நாம் ஆச்சரியப்படவில்லை. ஊசிக்கு முன் நடந்தவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம். 2016 செப்டம்பர் 22ந் தேதி முதல் மந்திரி ஆஸ்பத்திரிக்குப் போனார். 75 நாள் உள்ளே இருந்து டிசம்பர் 5ந் தேதி இறந்தார். அந்த 75 நாளும் அவரது நோய் என்ன, நிலை என்ன என்று குடிகளுக்குச் சரியாய்ச் சொன்னவர் யார்? இட்லி சாப்பிட்டார் என்று தாங்கள் சொன்னது பொய் என்று ஒரு மந்திரியே 2017 செப்டம்பரில் மேடையேறி ஒப்புக்கொண்டார். நடுவில் நவம்பர் 8ந் தேதி இராத்திரி மக்கள் கையிலிருந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாக் காசாக்கினார்கள். ஜனவரியில் கடற்கரையில் கூடியிருந்த வாலிபர்களைப் போலீசார் அடித்துக் கலைத்தார்கள். ஊசி ஆரம்பித்த அதே பிப்ரவரியில் சட்டசபை மெம்பர்கள் கூவத்தூர் விடுதியில் அடைந்து கிடந்தார்கள். ராஜ்யத்தை யார் ஆளுகிறார்கள் என்பதே குடிகளுக்குத் தெரியாத மாதம் அது.

இட்லி விஷயத்தில் பொய் சொன்ன வாய் ஊசி விஷயத்தில் மெய் சொல்லும் என்று ஒரு தகப்பன் எப்படி நம்புவான்? ஊசியைப் பற்றி வந்த சந்தேகம் ஊசியைப் பற்றியதே அல்ல. சர்க்கார் வாயைப் பற்றியது. பல வருஷமாய்ப் பொய் சொல்லிக் கரைத்துவிட்ட முதலை அவசரத்துக்கு ஒரு நாளில் எடுக்கப் போனால் பெட்டி காலியாகத்தானே இருக்கும்?

ஆனால் அந்தத் தகப்பனுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. ஐயா, மந்திரியின் பொய்க்குத் தண்டனையை மந்திரிக்குக் கொடுங்கள். ஓட்டு உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? நீங்கள் ஊசியை மறுத்ததனால் மந்திரிக்கு மணல்வாரி வரப் போவதில்லை.

டில்லி வேடிக்கை

தமிழ்நாட்டுச் சர்க்கார்தான் இப்படி என்றால் டில்லிச் சர்க்கார் அதற்குத் தாத்தாவாக இருந்தது. கொரோனா வந்த 2020ல் மார்ச்சு 22ந் தேதி தட்டைத் தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். 2021 பிப்ரவரி 19ந் தேதி ஒரு காவிச் சாமியார் "கொரோனில்" என்னும் மாத்திரையை மறுபடி வெளியிட்ட மேடையில் இந்தியாவின் சுகாதார மந்திரியே, அவரும் ஒரு டாக்டர், பக்கத்தில் நின்றார். அந்த மாத்திரைக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒப்புதல் இருப்பது போல் பேச்சு கிளம்ப, அந்த ஸ்தாபனமே நாங்கள் எந்த நாட்டு மருந்தையும் அப்படி ஒப்புக் கொள்ளவில்லை என்று சொல்ல நேர்ந்தது. ஒரு கையால் ஊசியும் மறு கையால் சாமியார் மாத்திரையும் கொடுக்கிற மந்திரியைப் பார்த்து, ஜனங்கள் எந்தக் கையை நம்புவது?

அதே வருஷம் ஜனவரி 3ந் தேதி ஹைதராபாத்தில் செய்த கோவாக்ஸின் ஊசிக்கு அவசர அனுமதி கொடுத்தார்கள். அப்போது அதன் மூன்றாவது கட்டப் பரீட்சை முடியவில்லை. அது எவ்வளவு தூரம் நோயைத் தடுக்கும் என்ற கணக்கு வெளிவரவில்லை. "பரீட்சை முறையில்" கொடுப்பதாகச் சொல்லி, போட்டுக் கொள்ளுகிறவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். இது என்ன நியாயம் என்று கேட்ட விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த பதில், இது சுதேசி ஊசி, இதைச் சந்தேகிக்கலாமா என்பது. கடைசியில் அவ்வருஷம் நவம்பரில் பத்திரிகையில் வெளிவந்த கணக்குப்படி அது 100க்கு சுமார் 78 பங்கு பயன் தருவதாய் ஏற்பட்டது. அதாவது ஊசி நல்லதாகவே முடிந்தது. ஆனால் பரீட்சை எழுதுமுன் பாஸ் என்று போட்டுவிட்டு, பிறகு பையன் பாஸாகிவிட்டான் பார் என்பது வாத்தியாருக்கு யோக்கியதையாகுமா? நல்ல சரக்கையும் திருட்டுச் சரக்கு போல் இருட்டில் விற்றால், வாங்குகிறவன் சந்தேகப்படாமல் என்ன செய்வான்?

இதற்கிடையில் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு மடத்தில் 2021 மே மாதம் "கொரோனா தேவி"க்குச் சிலை வைத்துப் பூஜை செய்தார்கள். பெரியம்மைக்கு இருந்த தாயாரை ஊசி விரட்டிய பிறகு புதிய நோய்க்குப் புதிய தாயார்! உண்டியல் இருக்கும் வரை தாயார்களுக்குப் பஞ்சமில்லை போலும்.

நல்லதற்காகப் பொய் சொல்லலாமா?

நமது டாக்டர் தோழர்கள் சிலர், "நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் பாமர ஜனங்களிடம் ஆபத்தையும் சேர்த்துச் சொன்னால் பயந்து விடுவார்கள். ஆகையால் கொஞ்சம் மறைத்தால் தப்பில்லை" என்கிறார்கள். இந்த யோசனைக்கு வயது இருநூறு ஆகிறது.

1819ல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் "கல்வி விரும்பன்" என்ற புனை பெயரில் ஒரு கடிதம் வந்தது. பசுவின் அம்மைப் பாலைக் கொண்டு அம்மை குத்துவது தன்வந்திரி பேரால் உள்ள வடமொழி நூலிலேயே இருக்கின்றது என்பது அதன் சாரம். வேத சாஸ்திரத்தில் இருக்கிறதென்றால் ஜனங்கள் கை நீட்டுவார்கள் என்ற எண்ணத்தில் கட்டிவிடப்பட்ட கதை அது என்று பிற்கால ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள். பலன் என்ன? 1905ல் கிண்டியில் கிங் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்த சென்னைக் கவர்னர் ஆம்ப்தில் பிரபு அதே தன்வந்திரிக் கதையை நிஜம் போல் எடுத்துப் பேசினார். இன்றைக்கும் "எல்லாம் எங்கள் சாஸ்திரத்தில் உண்டு" என்கிற பண்டிதர்கள் அந்தக் கவர்னரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஊசிக்கு ஆள் சேர்க்கச் சொன்ன பொய் சாஸ்திரத்துக்கு ஆள் சேர்த்துவிட்டது. நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்யும் கடைசியில் பொய்க்குத்தான் ஊழியம் செய்யும்.

ஆகவே உள்ளதைச் சொல்லுவோம். தட்டம்மை கண்ட 1,000 பேரில் சுமார் ஒருவருக்கு மூளை வீக்கம் வரும்; 20 குழந்தைகளில் சுமார் ஒரு குழந்தைக்கு நுரையீரலில் கபம் கட்டும். ஒரு நோயாளி, ஊசி போடாத 12 முதல் 18 பேருக்கு அதைத் தொற்ற வைப்பான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா கண்டால் பிறக்கும் பிள்ளைக்குக் கண், காது, இருதயம் கெடும். இது ஒரு தட்டு. மறு தட்டில் ஊசியின் தீமையை வைப்போம். சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வரும். மூவாயிரம், நாலாயிரம் ஊசிக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு வரும். அது அனேகமாய் யாதொரு கெடுதியும் வைக்காமல் போய்விடும். சுமார் 10 லட்சத்தில் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்லுகிறார்கள். இரண்டு தட்டையும் தூக்கிப் பாருங்கள். இதைச் சொன்னால் பயந்து ஓடுவதற்கு நமது ஜனங்கள் என்ன தராசு காணாதவர்களா?

மேலும், ஊசிக்குப் பின் நடப்பதெல்லாம் ஊசியால் நடப்பதல்ல. 2021 ஏப்ரல் 15ந் தேதி நடிகர் விவேக் மற்றவர்களுக்கு உற்சாகமூட்டுவதற்காகத் தாமே போய்க் கொரோனா ஊசி போட்டுக் கொண்டார். 17ந் தேதி மாரடைப்பினால் இறந்தார். நாடெங்கும் ஊசிதான் கொன்றது என்ற பேச்சு. கேள்வி கேட்டது தப்பில்லை, கேட்கத்தான் வேண்டும். டாக்டர்கள் இருதய ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். சர்க்கார் கமிட்டியும் விசாரித்து அவருக்கிருந்த நோயினால் வந்த மரணம், ஊசியினாலல்ல என்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கை மேல் பிராது கொடுக்குமுன் காம்பைப் பார்க்க வேண்டும். ஆனால் காம்பைப் பார்த்தவன் பார்த்ததை உடனே ஊருக்குச் சொல்லவும் வேண்டும்.

கணக்குப் பார்த்தால் இரு பக்கத்துப் பித்தலாட்டமும் வெளியாகும் என்பதற்கு இரண்டு அத்தாட்சி சொல்லுகின்றோம். 1998ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற டாக்டர், 12 குழந்தைகளைப் பார்த்ததாகச் சொல்லி, இந்த ஊசிக்கும் மூளை வளர்ச்சிக் குறைக்கும் சம்பந்தம் இருப்பது போல் எழுதினார். பிரையன் டீர் என்ற பத்திரிகைக்காரர் தோண்டித் துருவியதில், ஊசிக் கம்பெனிகள் மேல் வழக்காட இருந்த வக்கீல்களிடம் அந்த டாக்டர் பணம் வாங்கியிருந்ததும் கணக்குகளைத் திரித்திருந்ததும் வெளியாயின. 2010ல் கட்டுரையும் தள்ளுபடி. அவர் டாக்டர் பட்டியலிலிருந்தும் நீக்கம். மற்றொன்று, 1998ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஒரு வயிற்றுப்போக்கு ஊசியன்ன மருந்து, வாயில் விடுவது. குழந்தைகளுக்கு ஊசி மருந்துகளால் நேரும் தீமைகளை எழுதிவைக்கும் கணக்கில், சுமார் 10,000க்கு ஒரு குழந்தைக்குக் குடல் செருகிக் கொள்வது தெரிந்தது. 1999லேயே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதலாவதில் ஊசியின் விரோதி அகப்பட்டான். இரண்டாவதில் மருந்தின் குற்றம் அகப்பட்டது. இரண்டையும் பிடித்தது கணக்கு. பக்தி ஒன்றையும் பிடிக்கவில்லை.

நாம் கேட்பது

எனவே சர்க்காரை நாம் கேட்பது சலுகையல்ல, பாத்தியதை. பரீட்சைக் கணக்கை ஊசி போடுமுன் வெளியிட வேண்டும். போட்ட பின் அல்ல. ஊசிக்குப் பின் நேரும் ஒவ்வொரு மரணத்தையும் தவணை வைத்து விசாரித்து, காரணத்தைத் தமிழில், அந்த ஊர் ஜனங்களுக்கு விளங்கும்படி, அந்த ஊரிலேயே சொல்ல வேண்டும். 2022 மே 2ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக் கூடாது, தீமை நேர்ந்த தகவல்களை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கின்றார்கள். சொல்லித்தான் செய்ய வேண்டிய காரியமா இது என்று கேட்கின்றோம்.

நஷ்ட ஈடு விஷயமும் அப்படியே. ஊரெல்லாம் நோயில்லாமல் வாழ்வதற்காக லட்சத்தில், பத்து லட்சத்தில் ஒரு குழந்தை அடிபடுமானால், அந்தக் குடும்பம் ஊருக்காகக் கஷ்டப்பட்ட குடும்பம். இங்கிலாந்தில் 1979லேயே, அமெரிக்காவில் 1986லேயே இதற்குச் சட்டம் செய்தார்கள். நமது மத்திய சர்க்காரோ, கொரோனா ஊசிக்குப் பின் மகளை இழந்த பெற்றோர்கள் போட்ட வழக்கில், 2022 நவம்பரில், சர்க்கார் பொறுப்பாளியல்ல, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று பதில் எழுதிற்று. போடும்போது "நாட்டுக்காகப் போட்டுக்கொள்" என்பதும், கெட்டால் "உன் பாடு" என்பதும் எந்த ஊர் நியாயம்? புகழ்ச் சீட்டில் படம் போட்டுக் கொள்ள முன் வந்தவர்கள், நஷ்டக் கணக்கில் கையெழுத்துப் போட மாத்திரம் பின்வாங்கலாமா?

கிராமத்துத் தோழர்களுக்கும் சொல்லுகின்றோம். கணக்குக் கேட்பது என்பது டில்லியில் மாத்திரம் நடக்கிற காரியம் அல்ல. உங்கள் ஊருக்கு நர்ஸம்மா வரும்போதே ஆரம்பிக்கலாம். தவணை கடந்ததா என்று தேதியைப் பாருங்கள். மருந்துப் புட்டியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு சதுரமும் இருக்கும். மருந்து சூடு பட்டுக் கெடக் கெட அந்தச் சதுரம் கறுக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாயிருந்தால் மருந்து நல்லது. வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் உபயோகிக்கக் கூடாது. தட்டம்மை மருந்தை அதற்கென்று வந்த நீரில்தான் கரைத்தார்களா, கரைத்து 4 மணி நேரத்துக்குள் போடுகிறார்களா, பிள்ளைக்குப் பிள்ளை புது ஊசியா என்று கேளுங்கள். இதற்கு எழுத்துக் கூடத் தெரிய வேண்டியதில்லை, கண்ணிருந்தால் போதும். கேட்டால் நல்ல நர்ஸம்மா கோபித்துக் கொள்ள மாட்டார். ஸமோவாவில் அன்று ஒருவராவது புட்டியைப் பார்த்திருந்தால் அந்த இரண்டு குழந்தைகளும், அவற்றின் பின்னால் போன 83 பேரும் இன்று இருந்திருக்கக் கூடும்.

பார்த்துத் திருப்தியானால் பிள்ளையின் கையை நீட்டுங்கள். வாட்ஸ்அப் சேதிக்கும் மந்திரி பிரசங்கத்துக்கும் ஒரே கேள்வியைப் போடுங்கள்: "கணக்கு எங்கே?" காட்டுகிறவன் சொல்வதை எடைபோட்டு ஒப்புக் கொள்ளுங்கள். காட்டாதவன் சாமியாரானாலும் சரி, சர்க்காரானாலும் சரி, அமெரிக்க மந்திரியானாலும் சரி, வாசலிலேயே நிறுத்துங்கள்.